மலை நகரில் மெல்ல நடப்போம்

(வெளிநாட்டுப் பயணத்திற்குத் தயாராகும் மூத்தோருக்காகச் சமூக மன்றம் ஒன்றில் ஆற்றிய உரை)

காலையிலேயே பசியாறிவிட்டு, மழையையும் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. சுகாதாரக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் எழுதித் தருவதை, நீங்கள் வாசித்தவுடன் எழுந்து செய்யக்கூடிய தமிழாக மாற்ற வேண்டும். இன்று நான் சொல்லப்போவதும் அப்படிப்பட்டதுதான். உங்கள் உடல்நிலையை அறிந்தவர் உங்கள் மருத்துவர். நான் சொல்வதை அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு பயணம் போகிறோம். அப்படிப் போகும் இடங்களில் ஒன்று ஹாங்காங். விமானத்தில் சுமார் 4 மணி நேரம். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. அங்கும் இங்கும் ஒரே நேரம். அதனால் மாத்திரை சாப்பிடும் நேரமும் மாறாது. நல்ல ரயில், நல்ல பேருந்து. எல்லாம் வசதிதான். ஆனால் ஹாங்காங் தீவு ஒரு மலை நகரம். கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தாண்டியதுமே ஏற்றம் தொடங்கிவிடும். அங்கே எப்படி நடப்பது, எப்படி ஏறுவது, அதைவிட முக்கியமாக எப்படி இறங்குவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

இரண்டு பேச்சுகள்

மலைப்பாங்கான ஊருக்குப் போகும் மூத்தோரிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம்.

ஒன்று: "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

மற்றது: "எனக்கு ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன், நடங்க."

முதல் பேச்சைப் பேசுபவர் ஐந்து நாளும் ஹோட்டல் வரவேற்பறையிலும் கடை வாசல் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். வீட்டில் தினமும் நடந்துகொண்டிருந்தவர், பயணத்தில் நடையை விட்டுவிடுவார். திரும்பி வந்த பிறகு மறுபடியும் தொடங்க மனம் வராது. வயதான காலத்தில் தசையின் பலம் சீக்கிரம் குறையும். அதை மீட்டெடுக்க நாளாகும்.

இரண்டாவது பேச்சைப் பேசுபவர் மூச்சு வாங்குவதையும் நெஞ்சு இறுகுவதையும் மறைத்துக்கொண்டு நடப்பார். பிள்ளைகள் செலவு செய்து அழைத்து வந்திருக்கிறார்கள், அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நல்லெண்ணம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான்: பிறருக்குச் சுமையாக இருக்கக்கூடாது என்ற எண்ணம். இன்று மூன்றாவது பேச்சு ஒன்றை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். "நானும் வருகிறேன். மெதுவாக வருகிறேன். இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்போம்." இவ்வளவுதான். இதைச் சொல்லத் தெரிந்தவருக்கு மலை நகரம் சிரமமாக இருக்காது.

சமதளத்தில் பழகிய கால்கள்

சிங்கப்பூரின் ஆக உயர்ந்த இயற்கைக் குன்று புக்கிட் தீமா. அதன் உயரம் சுமார் 163 மீட்டர்தான். ஹாங்காங்கின் விக்டோரியா சிகரம் 552 மீட்டர். மூன்று மடங்குக்கும் அதிகம்.

நம்மில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் இருக்கிறோம். முன்பு பல புளோக்குகளில் மின்தூக்கி சில தளங்களில் மட்டும்தான் நிற்கும். மிச்ச மாடிகளைப் படியில் ஏறி இறங்குவோம். மேம்பாட்டுப் பணிகளுக்குப் பிறகு இப்போது ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நம் வாசலிலேயே மின்தூக்கி நிற்கிறது. நல்ல வசதி. ஆனால் படி இறங்கும் பழக்கம் காலை விட்டுப் போய்விட்டது. தினமும் 40 நிமிடம் பூங்காவில் நடப்பவர்கூட, "நான்தான் நடக்கிறேனே" என்று நம்பிப் போய், மலை நகரில் இரண்டாம் நாளே தொடை வலியோடு படுத்துவிடலாம். சமதளத்தில் நடப்பது ஒரு திறன். சரிவில் இறங்குவது வேறொரு திறன்.

ஏற்றம்: மூச்சைக் கவனியுங்கள்

ஏறும்போது உடலின் எடையை ஒவ்வோர் அடியிலும் மேலே தூக்குகிறோம். இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

எவ்வளவு உழைக்கலாம்? சுகாதாரக் கையேடுகளில் "மிதமான தீவிரம்" என்று ஒரு தொடர் வரும். மொழிபெயர்க்கும்போது என்னைத் தொல்லைப்படுத்தும் தொடர் அது. மிதம் என்றால் தீவிரம் இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதன் பொருள் எளிமையானது: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. டி.எம்.எஸ். பாட்டை ஒரு வரி இழுத்துப் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கலாம். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு முட்டினால் வேகம் அதிகம், நின்றுவிடுங்கள்.

நாடித் துடிப்பை எண்ணுவதைவிட இந்தப் பேச்சுச் சோதனை நம்மில் பலருக்குப் பொருத்தமானது. ரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ உட்கொள்ளும் சில மாத்திரைகள் நாடித் துடிப்பை வேகமெடுக்க விடாது. உடல் திணறிக்கொண்டிருந்தாலும் கைக்கடிகாரத்தில் தெரியும் எண் அமைதியாகவே இருக்கும். பேச்சு பொய் சொல்லாது.

ஏறும்போது சிறிய அடிகளாக வையுங்கள். மூச்சை அடக்காதீர்கள். கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு நிற்பதைவிட, அதற்கு முன்பே நிற்பது நல்லது. ஒரு தெரு விளக்குக் கம்பம், பிறகு அடுத்த கம்பம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது ஓரமாக நில்லுங்கள்; பின்னால் வருபவருக்கு வழி விட்டதாகவும் இருக்கும்.

இறக்கம்: முழங்காலைக் கவனியுங்கள்

பலரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். "ஏறிட்டா போதும், இறங்குறது சுலபம்" என்பார்கள். மூச்சுக்கு அது சுலபம். முழங்காலுக்கு இல்லை.

இறங்கும்போது தொடையின் முன்தசை பிரேக் போல வேலை செய்கிறது. நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது. தசை களைத்துவிட்டால் கால் நடுங்கும். அப்போதுதான் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். வலி உடனே தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தெரியும். எனவே முதல் நாள் உற்சாகத்தில் மலை முழுவதும் இறங்கிவிட்டால், மிச்சப் பயணம் வலியிலேயே போகும்.

சரியாக இறங்கும் முறை இது:

முழங்காலை விறைப்பாக வைக்காமல் இலேசாக மடக்கி வையுங்கள். வழக்கமான அடியில் பாதி அளவே வையுங்கள். உடலைப் பின்னால் சாய்க்காதீர்கள். பின்னால் சாய்ந்தால் கால் வழுக்கும். படிகளில் எப்போதும் கைப்பிடிப் பக்கமாகவே இறங்குங்கள். கையில் பையோ தொலைபேசியோ வேண்டாம். பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு முழங்கால் மட்டும் வலிப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒரே படியில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைத்தடி பயன்படுத்துபவர்கள், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடியையும் கவனியுங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி அணிபவர்கள் படி இறங்கும்போது குனிந்து பார்த்தால், கீழ்ப்பகுதி வழியாகப் படி மங்கலாகத் தெரியும். கடைசிப் படி எது, தரை எது என்று குழம்பும். கழுத்தை நன்றாகக் குனிந்து, கண்ணாடியின் மேற்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி இருந்தால், வெளியே நடக்கும்போது அதை அணியலாமா என்று கண்ணாடிக் கடையில் கேளுங்கள்.

நகரமே கைகொடுக்கும்

இனி ஹாங்காங்குக்கு வருவோம். மலையில் வாழும் மக்கள் மலையோடு போராடுவதில்லை. வழி பார்த்து நடக்கிறார்கள். அந்த வழிகளை நாமும் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் வரைபடம். ஹாங்காங் தீவின் வடகரையில் கடற்கரைக்கு இணையாகச் செல்லும் தெருக்கள் பெரும்பாலும் சமமாக இருக்கும். கடலிலிருந்து மலையை நோக்கிச் செல்லும் தெருக்கள் செங்குத்தாக இருக்கும். சில தெருக்கள் முழுக்கப் படிக்கட்டுகளே. தொலைபேசி வரைபடம் "300 மீட்டர்" என்று காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த 300 மீட்டர் எந்தத் திசையில் என்று பாருங்கள். கடலோரமாகவா, மலையை நோக்கியா? இந்த ஒரு கேள்வி பாதிச் சிரமத்தைக் குறைத்துவிடும்.

அடுத்து, சென்ட்ரல் பகுதியில் தொடங்கும் திறந்தவெளி மின்படிக்கட்டு. 1993ல் திறக்கப்பட்டது. பல மின்படிக்கட்டுகளும் நகரும் நடைபாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக 800 மீட்டருக்கு மேல் நீள்கின்றன. மொத்தம் 135 மீட்டர் உயரம் ஏற்றிவிடும். ஒரு மாடியை 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 45 மாடி. டக்ஸ்டன் வட்டாரத்தில் இருக்கும் 50 மாடி வீவக கட்டடத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்த மின்படிக்கட்டு ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் ஓடும். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை 10 மணி வரை கீழ்நோக்கி ஓடும். அதன் பிறகு நள்ளிரவு வரை மேல்நோக்கி ஓடும். பிற்பகலில் சுகமாக மேலே போய்விட்டால், திரும்புவதற்குப் பக்கத்துப் படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். 45 மாடி இறக்கம்! முழங்கால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எனவே பிற்பகலில் போகிறவர்கள் உச்சி வரை போகாமல், ஹாலிவுட் சாலை அளவில் இறங்கி, அந்தச் சாலையில் பக்கவாட்டாக நடந்து பாருங்கள். மேலே வரை போனால், திரும்புவதற்குப் பேருந்தோ டாக்சியோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ரயில் நிலையங்களும் உதவும். ஹாங்காங் பல்கலைக்கழக நிலையம் பூமிக்கு அடியில் மிக ஆழத்தில் இருக்கிறது. அதன் மின்தூக்கிகள் மலைமேல் இருக்கும் சாலைக்கே கொண்டுபோய் விடும். அந்த வட்டார மக்கள் ஏற்றத்தைத் தவிர்க்க இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். எந்த நிலையத்திலும் வெளியேறும் முன் மின்தூக்கிச் சின்னம் இருக்கும் வாயில் எது என்று பாருங்கள். எல்லா வாயில்களிலும் மின்தூக்கி இராது.

தீவின் வடகரையில் 1904 முதல் டிராம் ஓடுகிறது. நடந்து களைத்தால் அதில் ஏறி ஓய்வெடுத்துக்கொண்டே ஊரைப் பார்க்கலாம். பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது கட்டணம் செலுத்த வேண்டும். மாடிக்குச் செல்லும் படி குறுகலாகவும் வளைவாகவும் இருக்கும். வண்டி ஓடும்போது அதில் ஏற வேண்டாம்.

மலைமேல் ஒரு சமதளம்

"அப்படியென்றால் சிகரத்துக்குப் போகவே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். அவசியம் போங்கள். நடைப்பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

விக்டோரியா சிகரப் பகுதிக்குப் போக 1888 முதல் ஓடும் மலை ரயில் இருக்கிறது. 15ஆம் எண் பேருந்தும் சென்ட்ரலிலிருந்து மேலே போகிறது. மேலே போய்ச் சேர்ந்ததும், லுகார்ட் சாலையும் ஹார்லெக் சாலையும் சேர்ந்து மலையைச் சுற்றிவரும் வட்டப் பாதை ஒன்று உண்டு. நீளம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம். மரநிழல் உண்டு. லுகார்ட் சாலையில் சற்றுத் தூரம் நடந்தாலே துறைமுகமும் உயரக் கட்டடங்களும் நம் காலுக்குக் கீழே தெரியும். முழு வட்டம் மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. 15 நிமிடம் நடந்து காட்சியைப் பார்த்துவிட்டு, அதே வழியில் 15 நிமிடம் திரும்பினால் அன்றைய 30 நிமிட நடை முடிந்தது.

திரும்பும்போது மட்டும், "கீழே போகத்தானே, நடந்தே போகலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பழைய சிகரச் சாலை மிகவும் செங்குத்தானது. ஏறிய வண்டியிலேயே இறங்குங்கள்.

இன்னொரு இடம் போவன் சாலை. மலைச்சரிவின் நடுவில், வான்சாய், ஹேப்பி வேலி வட்டாரங்களுக்கு மேலே போகிறது. மலைநடுவில் எப்படி இவ்வளவு சமமான பாதை என்று வியப்பாக இருக்கும். காரணம் தண்ணீர். தை தாம் நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவர 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கால்வாயின் தடத்தில் போகும் பாதை அது. தண்ணீர் தானாக ஓட மிக மென்மையான சரிவு போதும். அந்தச் சரிவுதான் இன்று நடப்பவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. வழியில் உடற்பயிற்சி செய்வதற்கான இடங்களும் உண்டு. அந்தப் பாதைக்கு ஏறிப்போகும் சில சாலைகள் மிகச் செங்குத்தானவை. எனவே டாக்சியில் பாதையின் தொடக்கம் வரை போய் இறங்கி நடப்பது நல்லது.

ஹேப்பி வேலியில் ஓர் இந்துக் கோயில் இருக்கிறது. அந்த வட்டாரம் வரை டிராம் போகும். கோயில் தரிசனத்தோடு நடையையும் சேர்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு வசதியாக இருக்கும். கவுலூன் பக்கம் தங்குபவர்களுக்குச் சிம் ஷா சுய் கடலோர நடைபாதை இருக்கிறது. முழுக்கச் சமதளம், உட்கார இடமும் உண்டு. அங்கிருந்து படகில் ஏறினால் சில நிமிடங்களில் தீவுப் பக்கம்.

காலையில் பூங்காக்களுக்குப் போய்ப் பாருங்கள். விக்டோரியா பூங்காவில் நம் வயதொத்தவர்கள் தாய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள். ஓரமாக நின்று அவர்களோடு கையை வீசி அசைத்துப் பாருங்கள். மொழி தேவையில்லை. தாய்ச்சி உடலின் சமநிலையை வளர்க்கும் பயிற்சி. விழாமல் இருக்க அதுதான் நமக்கு வேண்டும்.

ஒரு நாளைப் பிரிக்கும் விதம்

ஒரு நாளில் ஒரே ஒரு சரிவு. இதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சிகரம் என்றால், மாலையில் கடலோரம். ஒரு நாள் படிகள் அதிகம் ஏறி இறங்கினால், மறுநாள் சமதளத்தில் மட்டும் நடை. தசை தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த ஒரு நாள் தேவை.

காலையில் எழுந்ததும் அறையிலேயே ஐந்து நிமிடம் கணுக்காலைச் சுழற்றி, முழங்காலை மடக்கி நீட்டி, உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. இரவில் தொடையையும் கெண்டைக்காலையும் மெதுவாக நீட்டிப் பயிற்சி செய்யுங்கள்.

பருவத்தையும் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே நம் ஊரைப் போலவே வெக்கையும் ஈரமும்; சூறாவளியும் வரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடப்பதற்கு இதமான காலம். டிசம்பரில் நம் உடலுக்குக் குளிராகவே இருக்கும். சிகரத்தில் கீழே இருப்பதைவிடக் குளிரும். குளிர்ந்த காற்றில் ஏற்றம் ஏறும்போது இதயத்துக்கு வேலை கூடும்; எனவே நெஞ்சையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள்.

இங்கேயே தொடங்குங்கள்

பயணச்சீட்டு வாங்கிய நாளிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். ஆறு வாரம் இருந்தால் நல்லது.

முதலாவது, நாற்காலிப் பயிற்சி. சுவரோரம் வைத்த உறுதியான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். உட்காருவதற்கு மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கத்திற்குத் தேவையான தசையைப் பழக்குவது அந்த மெதுவான உட்காருதல்தான். பத்து முறை செய்து, ஓய்வெடுத்து, மீண்டும் பத்து முறை. கையை ஊன்றாமல் முடியாதவர்கள் முதலில் ஊன்றியே செய்யலாம்.

இரண்டாவது, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். பத்து முறை. பிறகு மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்றல். இரண்டு கால்களுக்கும் செய்யுங்கள்.

மூன்றாவது, படி. உங்கள் புளோக்கின் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறி, ஒரு மாடி இறங்குங்கள். வாரத்தில் மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து இரண்டு மாடி. நான்காவது வாரத்தில் மூன்று மாடி. முழங்காலில் வீக்கமோ கூர்மையான வலியோ வந்தால் நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள்.

நான்காவது, சரிவு. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலிருந்து மவுண்ட் ஃபேபருக்கு ஏறும் மாராங் பாதையில் நல்ல படிகள் உண்டு. புறப்படும் முன் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். அங்கே எப்படி இறங்குகிறீர்களோ, ஏறக்குறைய அப்படித்தான் ஹாங்காங்கிலும் இறங்குவீர்கள். பிள்ளைகளும் உங்கள் வேகம் என்ன என்று கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

இவற்றோடு வழக்கமான நடையை விடாதீர்கள். வாரத்திற்கு 150 நிமிடமாவது பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் உடலை அசைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லப்படும் அளவு இது. பயணம் என்பது இந்த அளவை விட்டுவிடுவதற்கான விடுமுறை அன்று.

மருந்து, சாப்பாடு, காலணி

மருந்துகளைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். பெட்டி தாமதமானாலும் மருந்து உங்களோடு இருக்கும். இன்சுலினை விமானத்தின் அடித்தளத்தில் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். மருந்துகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று உங்கள் பணப்பையில் இருக்கட்டும்.

நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் ஏற்றம் ஏறக்கூடாது. வழக்கத்தைவிட அதிகம் நடக்கும் நாளில் சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். சட்டைப்பையில் மிட்டாயோ சர்க்கரைக் கட்டியோ வைத்திருங்கள். இனிப்பு பேரப்பிள்ளையின் பையில் இருந்து பயனில்லை. உங்கள் பையில் இருக்க வேண்டும். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். புறப்படும் முன்பே மருத்துவரிடம், "நான் தினமும் அதிகம் நடக்கப்போகிறேன்" என்று சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

தாகம் எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி கழிவறை தேட வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்த்தால் தலைசுற்றல் வரும். ரயில் ஏறும் முன், கடைத்தொகுதியை விட்டு வெளியேறும் முன் என்று கழிவறைக்குப் போய்வருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள், மருத்துவர் சொன்ன தண்ணீர் அளவை மீற வேண்டாம்.

பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்கினால் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கிப் போட்டுப் பழகுங்கள். குதிகாலைப் பிடித்து நிற்கும் காலணி வேண்டும். சிலிப்பர் அறைக்குள் மட்டும். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்; உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

எப்போது நிறுத்த வேண்டும்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வலியோ, அந்த வலி தாடை, கழுத்து, முதுகு, கைக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, நின்று ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், தலைசுற்றல், மயக்கம். இவற்றில் எது வந்தாலும் உடனே நில்லுங்கள். உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்சுவலி இல்லாமலே வரும். இனம்புரியாத களைப்பு, குமட்டல், மூச்சுத்திணறல் என்று தோன்றலாம். "வாயுப் பிடிப்பு, சரியாயிடும்" என்று ஓமத் தண்ணீர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹாங்காங்கில் ஆம்புலன்ஸை அழைக்க 999. நம் ஊர் 995ஐ அங்கே அழைத்துப் பயனில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை மருத்துவர் கொடுத்திருந்தால், அவர் சொன்னபடி பயன்படுத்துங்கள். அது பெட்டியில் இல்லாமல் உடலோடு இருக்க வேண்டும். புறப்படும் முன் பயணக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களை அது காக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

உங்களோடு வரும் மகனும் மகளும் உங்களைக் கவனிக்க விரும்பாதவர்கள் இல்லை. உங்கள் முழங்கால் எங்கே வலிக்கிறது, எத்தனை படியில் மூச்சு வாங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். நம் குடும்பங்களில் பெரியவர்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதைப் புலம்பலாக நினைத்துக்கொள்கிறார்கள். "என்னால் ஒரு நேரத்தில் இரண்டு மாடி இறங்க முடியும்" என்பது புலம்பல் ஆகாது. அது தகவல். பயணத் திட்டம் போடுபவருக்கு விமான நேரத்தைப் போல அதுவும் அவசியம்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். மின்தூக்கியில் ஏறும் முன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் ஒரு மாடி மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். எத்தனை படி வரை சுலபமாக இருந்தது என்று கவனியுங்கள். பிறகு அந்த எண்ணிக்கையைப் பயணத்துக்கு உங்களை அழைத்துப் போகிறவரிடம் சொல்லுங்கள். திட்டத்தை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

சிகரத்தின் மேல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பப் படத்தில் நீங்களும் இருக்க வேண்டும். திரும்பி வந்து, அடுத்த ஊர் எது என்று கேட்கும் தெம்போடும் இருக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். எனக்குத் தெரியாததை மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.